எந்தப் பள்ளி என்பதற்கு முன்னால் எந்த மொழி?

காது கேளாத, பார்வையில்லாத பிள்ளைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

குளச்சலிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு இரண்டரை வயது. பெரா டெஸ்டில் (காது நரம்பு சத்தத்தை வாங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை) இரண்டு காதும் கேட்காது என்று வந்துவிட்டது. காதுக்குள் செவிக்கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். அதுவரை சைகை காட்டாதே, காட்டினால் பேச்சே வராது என்கிறார் என் நாத்தனார். உண்மையா டீச்சர்?

இல்லை. சைகை பேச்சைத் தடுக்காது. மொழியே இல்லாமல் கழிகிற மாதங்கள்தான் ஆபத்து. 'மீன்', 'வள்ளம்', 'அப்பா எங்கே?' எல்லாவற்றுக்கும் இன்றே சைகை வைத்துப் பேசுங்கள். கடலுக்குப் போய்விட்டு வரும் அப்பாவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷனுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். எனவே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சி வருடக்கணக்கில் நடக்க வேண்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் காதுக்கு வெளியே மாட்டும் கருவியைக் கழற்றித்தான் ஆக வேண்டும், பேட்டரியும் தீரும். அப்போதெல்லாம் பிள்ளைக்குச் சைகைதான் கை கொடுக்கும். இன்னொன்று: உங்கள் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் கருவிக்கு ஆகாது. இரவில் அதை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள்.

தோவாளை வாசகி: பார்வையில்லாத மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. இப்போது எல்லாவற்றையும் போனே படித்துக் காட்டுகிறதே, பிரெய்ல் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) எதற்கு?

போன் கதை சொல்லும். எழுத்துக்கூட்ட, ஒற்றுப்பிழை பார்க்க, கணக்குப் போட விரல்தான் வேண்டும். இரண்டும் வேண்டும், ஆனால் பிரெய்ல் முதலில். வீட்டில் பூக்கட்டு இருந்தால் பாதி வேலை மிச்சம். பிச்சி மொட்டையும் விரிந்த பூவையும் தடவிப் பிரிக்கச் சொல்லுங்கள், நார் முடிச்சை எண்ணச் சொல்லுங்கள். ஆறு புள்ளிகளைப் பிரித்தறியும் விரல் இப்படித்தான் தயாராகும். பிரெய்ல் சிலேட்டில் தாளை வைத்து ஊசியால் புள்ளி குத்தும்போது வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். முதல் சில வாரம் குழம்புவாள், பயப்பட வேண்டாம்.

மார்த்தாண்டம், ஒரு அப்பா: காது கேளாத மகன் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வில் என்ன சலுகை?

ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு, ஒரு மணி நேரம் கூடுதல். மாற்றுத்திறனாளி சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்கு வெகுமுன்பே விண்ணப்பியுங்கள். விலக்கு தேர்வுக்குத்தான். வகுப்பில் அந்த மொழியையே கைவிட்டுவிட்டால் கல்லூரியில் திண்டாடுவான்.

திருவட்டார் பக்கம் ஒரு பாட்டி (பேரன் எழுதித் தந்தது): பேத்திக்கு ஏழு வயது. கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கண் பள்ளிக்கூடத்தில் காது கேட்காது என்கிறார்கள், காது பள்ளிக்கூடத்தில் கண் தெரியாது என்கிறார்கள்.

இந்த அலைக்கழிப்பு எனக்கு எரிச்சலூட்டுகிற விஷயம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பார்வை-செவித்திறன் இரண்டும் குறைந்த நிலையைத் தனியாகவே குறிப்பிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சான்றிதழில் இரண்டு குறைபாடும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு மறுபடியும் ஒருமுறை இரண்டையும் பரிசோதியுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கொஞ்சம் வெளிச்சமோ கொஞ்சம் சத்தமோ மிச்சமிருக்கும். கண்ணாடியோ காதுக்கருவியோ அதைப் பிடித்துத் தரலாம். பள்ளிக்குப் போக முடியாத நிலை என்றால் வட்டார வள மையத்தில் வீட்டுவழிக் கல்வி கேளுங்கள், சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். முழு மதிப்பீட்டுக்குச் சென்னை முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உண்டு.

ஆனால் பாட்டி, பாடம் நாளைக் காலையே ஆரம்பிக்கலாம். குளிக்கக் கூட்டிப்போகும் முன் துண்டைக் கையில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் தட்டு. வெளியே கிளம்பினால் பை. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பொருளே அவளுக்குச் சொல்லும். தினமும் அதே பொருள், அதே வரிசை. நீங்கள் யார் என்று தெரிய உங்கள் வளையலைத் தொட விடுங்கள், அப்பாவுக்கு வாட்ச். மரச்சீனிக்கிழங்கைப் பிசையும்போது அவள் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை கீழே, அவள் கை மேலே. எடுத்துக்கொள்ளவும் விட்டுவிடவும் அவளுக்கு உரிமை இருக்கட்டும். ஒரு வாய் கொடுத்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். உங்கள் கையைத் தட்டினாலோ தட்டை இழுத்தாலோ, அது 'இன்னும் வேணும்' என்ற அவளுடைய பேச்சு. உடனே கொடுங்கள்.

சிறப்பாசிரியர் அவளுக்குப் போடும் பாடத் திட்டத்தில் 'எழுத்து அறிதல்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 'மூன்று மாதத்தில் துண்டைத் தொட்டதும் குளியலறைப் பக்கம் திரும்புவாள்' என்பது போல, யார் பார்த்தாலும் நடந்ததா இல்லையா என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

தக்கலை ஆசிரியர்: எட்டாம் வகுப்புச் சிறுவன், பிறவியிலேயே காது கேளாதவன். இந்த வருடம் சாயங்காலமானால் தடுக்கி விழுகிறான். விளையாட்டுத்தனமா?

விளையாட்டுத்தனம் என்று விட்டுவிடாதீர்கள். பிறவிச் செவிட்டுத்தன்மையோடு மாலைக்கண் சேர்ந்தால் அஷர் நோய்க்குறி (காதோடு கண்பார்வையையும் பாதிக்கும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பரம்பரையாக வருவது, சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். பக்கப்பார்வை மெல்லச் சுருங்கும், நேர்ப்பார்வை பல வருடம் நிற்கலாம். வீட்டாரிடம் பதமாகச் சொல்லி விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வகுப்பில் அவன் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும். சைகை காட்டும்போது மிக அருகில் நிற்காமல், நெஞ்சுக்கு முன்னால் சின்ன இடத்துக்குள் காட்டுங்கள். நீங்கள் கட்டம் போட்ட சட்டைக்குப் பதில் ஒரே நிறச் சட்டை போடுங்கள், கை தெளிவாகத் தெரியும். நோய் உறுதியானால் பார்வை இருக்கும்போதே பிரெய்லும், கையைத் தொட்டுப் படிக்கும் சைகையும் தொடங்கிவிடுங்கள். அதற்கு அவன் சம்மதத்தையும் கேளுங்கள், பதின்மூன்று வயதுப் பையன் அல்லவா.