பேக்கில் நின்றால் பேர் கிடைக்காதா?

கேள்வி: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. கால்பந்துப் பயிற்சிக்குப் போகிறான். கோச் அவனை டிஃபென்ஸில் நிறுத்திவிட்டார். "ஃபார்வர்ட் ஆடுகிறேன் என்று கேள், பேக்கில் நின்றால் எவனுக்கும் பேர் தெரியாது" என்றேன். "மால்டினியைப் பாருங்கப்பா" என்கிறான். தேடிப் பார்த்தேன். இத்தாலிக்காக 126 ஆட்டம் ஆடியும் ஒரு கோப்பை கூட இல்லை. பாலன் தோர் என்கிறார்களே, வருஷத்தின் சிறந்த வீரர் விருது, அதுவும் இல்லை. இவரை எதற்கு இந்தக் கொண்டாட்டம் கொண்டாடுகிறார்கள்?
ஒரு தகப்பன், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் பையனுக்கு ஒரு சபாஷ். மால்டினி கடைசியாக ஆடியது 2009 மே மாதம். அப்போது இவன் பிறக்கவே இல்லை. அந்த ஆளைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறான் என்றால், ஆட்டத்தை உங்களைவிட நன்றாகப் பார்க்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் பாதிப் பக்கம் படித்ததும் மூடிவிட்டீர்கள் போலிருக்கிறது. பாவ்லோ மால்டினி ஏசி மிலனுக்காக முதலில் இறங்கியது 1985 ஜனவரியில், உடினேசேவுக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக. வயது பதினாறு. ஷூவைக் கழற்றியது நாற்பது வயதில். 25 சீசன், 902 ஆட்டங்கள், வேறு கிளப் சட்டையைத் தொட்டதே இல்லை. இத்தாலிய லீக் பட்டம் ஏழு. ஐரோப்பிய சாம்பியன் கோப்பை ஐந்து. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மட்டும் எட்டு முறை இறங்கியிருக்கிறார்.

சரி, அது கிளப். நீங்கள் கேட்டது நாட்டுக்காக என்ன கிழித்தார் என்று. வாருங்கள், அங்கேயே போவோம்.

1990 உலகக் கோப்பை இத்தாலியிலேயே நடந்தது. மால்டினிக்கு வயது இருபத்திரண்டு, இடது பக்க பேக். இத்தாலி ஏழு ஆட்டம் ஆடியது. ஆறில் வெற்றி, ஒன்று டிரா. ஏழு ஆட்டத்திலும் சேர்த்து வாங்கிய கோல் இரண்டே இரண்டு. கிடைத்தது மூன்றாமிடம்! அந்த ஒரு டிராதான் நேப்பிள்ஸில் அர்ஜென்டினாவோடு நடந்த அரையிறுதி. 1-1 ஆகி, பெனால்டியில் (ஆட்டம் சமனானால் அணிக்கு ஐந்து பேர் மாறி மாறி கோலை நோக்கி உதைப்பது) தோற்றுப் போயிற்று.

இப்போது 2006க்கு வாருங்கள். ஜெர்மனியில் உலகக் கோப்பை. மால்டினி நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிவிட்டது. இத்தாலி இப்போதும் ஏழு ஆட்டம் ஆடியது. வாங்கிய கோல் இப்போதும் இரண்டே இரண்டு. ஒன்று தங்கள் ஆளே தங்கள் வலைக்குள் தட்டிக்கொண்டது, இன்னொன்று இறுதி ஆட்டத்தில் ஜிதான் அடித்த பெனால்டி. அந்த இறுதி ஆட்டமும் 1-1. அதுவும் பெனால்டிக்குப் போயிற்று, இந்த முறை இத்தாலிக்காரர்கள் ஒன்றையும் வீணாக்கவில்லை. கேப்டன் ஃபேபியோ கன்னவாரோ கோப்பையைத் தூக்கினார். அவரும் டிஃபெண்டர்தான். அந்த வருஷத்து பாலன் தோர் விருதும் அவருக்கே வந்தது.

ஏழு ஆட்டத்தில் இரண்டு கோல், இரண்டு முறையும். ஒருவருக்கு மூன்றாமிடத்துப் பதக்கம், இன்னொருவருக்கு உலகக் கோப்பையும் பாலன் தோரும். நடுவில் நின்றது நான்கைந்து பெனால்டி உதை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டா பையனுக்குப் புத்தி சொல்லப் போனீர்கள்?

1994இலும் இதே கூத்து. பஸதீனாவில் பிரேசிலோடு இறுதி ஆட்டம், 120 நிமிடம் கோலே இல்லை, பெனால்டியில் தோல்வி. 1998இல் அவர்தான் கேப்டன், அவருடைய அப்பா சேசரே மால்டினிதான் கோச். பிரான்ஸோடு காலிறுதி, மறுபடி 0-0, மறுபடி பெனால்டி. இந்த மூன்று முறையும் உதைக்கப் போன ஐந்து பேரில் மால்டினி கிடையாது. (2000இல் யூரோ கோப்பை, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான போட்டி, அதன் அரையிறுதியில் போனார். கோல்கீப்பர் தடுத்துவிட்டார். நெதர்லாந்துக்காரர்கள் அன்றைக்கு அதைவிட மோசமாக உதைத்ததால் இத்தாலி பிழைத்தது. பாரபட்சம் காட்டாமல் இதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த யூரோவின் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸை ஜெயித்தாகிவிட்டது என்று பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களின் கடைசியில் வில்டோர் சமன் செய்தார், அப்புறம் கூடுதல் நேரத்தில் டிரெஸெகே கோல்டன் கோல் (முதலில் அடிக்கிறவருக்கே வெற்றி, அத்தோடு ஆட்டம் முடிந்தது) அடித்துக் கதையை முடித்தார்.

2002 மட்டும் வேறு மாதிரி. டேஜானில் தென் கொரியாவோடு ஆட்டம். 117ஆவது நிமிடத்தில் வந்த பந்துக்கு ஆன் ஜங்-ஹ்வான் எம்பினார், மால்டினியும் எம்பினார். எட்டவில்லை. கொரியர் தலையால் முட்டிய பந்து வலையில். உலகக் கோப்பையில் அவருடைய 23ஆவது ஆட்டம் அது, அதுவே கடைசி. இன்றைக்கும் அந்தக் கோலைப் போட்டுக் காட்டினால் கொரியருக்குப் பக்கத்தில் திரையில் தெரிகிறவர் அவர்தான். முந்தைய 22 ஆட்டங்களில் இதே மாதிரி எம்பி அவர் வெளியே அனுப்பிய பந்துகளை எந்த டிவி போட்டுக் காட்டுகிறது? டிஃபெண்டர் பிழைப்பு அப்படி.

நீங்கள் மட்டும் இல்லை, நம் ஊர் மைதானங்களிலேயே இந்த வழக்கம் உண்டு. டீம் பிரிக்கும்போது ஆடத் தெரிந்தவன் எல்லாம் முன்னால் போய்விடுவான். "டேய், நீ பேக்கில் நில்லு" என்றால், உனக்கு ஆடத் தெரியாது என்று அர்த்தம். நான் பள்ளி முடிகிற வரைக்கும் பேக்கில்தான் நின்றேன். என் விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான், அது வேறு.

மால்டினி அங்கே நின்று என்ன செய்தார் என்று கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அவர் வலது கால் ஆட்டக்காரர். நின்றது இடது பக்கம். இடது காலையும் பழக்கிப் பழக்கி எந்தக் கால் சொந்தக் கால் என்று தெரியாத மாதிரி செய்துகொண்டார். எதிரணி விங்கர், அதாவது ஓரமாக ஏறி வருகிற ஆட்டக்காரர், பந்தோடு வரும்போது நேருக்கு நேராக மார்பைக் காட்டி நிற்க மாட்டார். உடம்பைப் பாதி திருப்பி, உள்பக்க வழியை அடைத்து, கோட்டோரமாகப் போகச் சொல்கிற மாதிரி இடம் விடுவார். விங்கர் நமக்கு வழி கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு ஓடுவான். பத்து கஜம் போன பிறகுதான் தெரியும், ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் மால்டினி. விழுந்து சறுக்கிப் பந்தைப் பறிப்பதும் அவருக்குக் கைவந்த வேலைதான், ஆனால் அது கடைசிக் கையிருப்பு. சறுக்கினால் சட்டை அழுக்காகும், கூட்டம் கை தட்டும். நின்ற இடம் சரியாக இருந்தால் சறுக்கவே வேண்டியதில்லை, கை தட்டலும் வராது.

இது ஒருவரால் ஆகிற காரியமும் இல்லை. மிலனின் பின்வரிசையில் டஸோட்டி, கோஸ்டகுர்டா, பரேஸி, மால்டினி நால்வரும் ஒரே கயிற்றில் கட்டிய மாதிரி முன்னும் பின்னும் நகர்வார்கள். அர்ரிகோ சாக்கி கோச்சாக வந்த பிறகு பயிற்சியில் இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார், பல நாள் பந்தே இல்லாமல். கபெல்லோ கோச்சாக இருந்த 1993-94 சீசனில் மிலன் 34 லீக் ஆட்டத்தில் அடித்த கோல் வெறும் 36. அடித்ததை மட்டும் வைத்துப் பட்டம் கொடுத்திருந்தால் பக்கத்திலேயே வந்திருக்காது. வாங்கிய கோல் 15. லீக் பட்டம் அவர்களுக்குத்தான். அதே வருஷம் ஏதென்ஸில் ஐரோப்பிய இறுதி. எதிரே ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும் ஆடிய பார்சிலோனா. பரேஸியும் கோஸ்டகுர்டாவும் தடையில் இருந்ததால் ஆட முடியாது. மால்டினியை இடது பக்கத்திலிருந்து எடுத்து நடுவில் போட்டார்கள். முடிவு 4-0. நான்கும் மிலன் அடித்தது.

விருதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த 1994இலும், பிறகு 2003இலும் பாலன் தோர் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார். 1956இலிருந்து கொடுத்துவரும் விருது அது. அதை வாங்கிய டிஃபெண்டர் என்று சொல்ல பெக்கன்பவர், சாமர், கன்னவாரோ மூவர்தான் இருக்கிறார்கள். முதல் இருவரும் லிபரோக்கள், அதாவது பின்வரிசையில் யாரையும் ஒட்டி நிற்காமல் சுதந்திரமாக நின்று, பந்தோடு முன்னால் ஏறி ஆடியவர்கள். ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் உங்கள் வியாதிதான்.

பேர் கிடைக்கும் லட்சணத்தையும் பாருங்கள். 2009 மே 24, சான் சிரோவில் அவருடைய கடைசி ஆட்டம். ரோமாவிடம் 2-3 தோல்வி. ஆட்டம் முடிந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்ல மைதானத்தைச் சுற்றி வந்தவரைப் பார்த்து, தெற்குப் பக்க மேடையில் இருந்த தீவிர ரசிகர் கூட்டம் விசில் அடித்தது. பழைய மனஸ்தாபம் ஏதோ இருந்தது. பரேஸியின் சட்டையைப் பெரிதாக விரித்து, கேப்டன் என்றால் அவர் ஒருவர்தான் என்று கத்தினார்கள். சொந்த வீட்டில் இந்த மரியாதை. அடுத்த ஞாயிறு ஃபிளாரன்ஸில் கடைசியாக இறங்கியபோது, எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அவர் போட்ட 3ஆம் எண் சட்டையை மிலன் அதற்குப் பிறகு யாருக்கும் தரவில்லை. அவருடைய மகன்கள் யாராவது வந்து கேட்டால் மட்டும் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மகன் டானியல் மிலனுக்கு ஆட வந்தபோது 27 போட்டுக்கொண்டார். அவர் இப்போது இத்தாலிக்கும் ஆடிவிட்டார், தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று தலைமுறை. உங்கள் மனம் குளிர ஒரு செய்தி: டானியல் ஆடுவது முன்களத்தில்.

அதனால் உங்கள் பையனும் நாளைக்கு ஃபார்வர்ட் ஆனாலும் ஆகலாம். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இந்த ஞாயிறு மைதானத்துக்குப் போனால் கோல் அடிக்கிற பக்கம் நிற்காதீர்கள். அவன் காக்கிற கோலுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது அவனைப் பாருங்கள். சும்மா நின்று ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் சொன்னது சரி. கையை நீட்டி நீட்டிப் பக்கத்துப் பையன்களை நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தால் கோச்சிடம் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.