படக்கதை படிக்க எங்கே போகலாம்?

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறேன். படக்கதை வரையப் பட்டப்படிப்பு உண்டா? என் பக்கங்களில் வசனம் கூட்டுக்குள் (பேச்சுக் குமிழிக்குள்) அடங்குவதேயில்லை, ஏன்?
- ஒரு மாணவி, கிளிநொச்சி

பதில்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் காண்பியக் கலை படிக்கலாம். கதையைக் கட்டம் கட்டமாக நகர்த்துவதைப் பெரும்பாலும் நீங்களேதான் பழக வேண்டிவரும்.

படத்தை முடித்துவிட்டு எழுத இடம் தேடுவதுதான் உங்கள் சிக்கல். ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரு சொல்லே முழு வரியைத் தின்றுவிடும். வசனத்தை முதலில் எழுதி, கூடு போட்டு, பிறகு ஆட்களை நிறுத்துங்கள். கூட்டுக்குப் பத்துச் சொல் போதும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும். மாறினால் கூட்டிலிருந்து பேசுபவரை நோக்கி நீளும் வால்கள் ஒன்றையொன்று வெட்டும், வாசகர் பதிலை முதலில் படித்துவிடுவார்.

நாலு பக்கக் கதையோடு தொடங்குங்கள், பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம். கதை இரணைமடுக் குளக்கட்டில் நடந்தால், அதை முதற்கட்டத்தில் முழுசாகக் காட்டினால் போதும். எல்லாக் கட்டத்திலும் திரும்ப வரைந்தால் முகங்கள் அமுங்கிப்போகும் (கையும் உளையும்).

ஏ4 அச்சுக்கு ஏ3 தாளில் வரையுங்கள், கோட்டு நடுக்கம் மறையும். ஆனால் எழுத்தும் 71 வீதமாகச் சுருங்கும், சற்றுப் பெரிதாகவே எழுதுங்கள். மைக்கோடுகளை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்யுங்கள். 150இல் ஓரங்கள் பல்லுப்பல்லாகத் தெரியும்.