வயசானவங்க நெட் பாத்தா ஞாபக மறதி வருமா?

அப்பாவுக்கு 62 வயசு, எப்ப பாத்தாலும் போன்தான், மூளை மழுங்கிடுமான்னு கேட்டிருக்கீங்க. பயப்படாதீங்க, இதுவரைக்கும் வந்த ஆய்வுங்க பெரும்பாலும் நேர்மாறாத்தான் சொல்லுது. அமெரிக்கால 50லேருந்து 65 வயசுக்குள்ள இருந்த 18,154 பேர வருஷக்கணக்கா கவனிச்சு 2023ல ஒரு ரிசல்ட் வந்துச்சு, ரெகுலரா நெட் யூஸ் பண்ணவங்களுக்கு டிமென்ஷியா (ஞாபகமும் யோசிக்கற திறனும் குறைஞ்சுட்டே போற நோய்) வர்ற ரிஸ்க் மத்தவங்கள விட கிட்டத்தட்ட பாதிதான். 2025ல 57 ஆய்வுகள ஒண்ணா சேத்து, 4 லட்சம் பேருக்கு மேல அலசினப்பவும் அதே கதைதான்.

ஆனா நெட்டுனாலதான் மூளை நல்லாருக்குன்னு இதுல நிரூபணம் ஆகல, மூளை தெளிவா இருக்கறவங்கதான் போன் பக்கமே வருவாங்க, அப்படியும் இருக்கலாம்ல. படிப்பு, வருமானம் எல்லாம் கணக்குல எடுத்தும் இந்த சந்தேகம் முழுசா போகல.

என்னக் கேட்டா, எவ்ளோ நேரம்ங்கறத விட என்ன பண்றாருன்னு பாருங்க. புதுசா ஒண்ண தேடி படிக்கறது, பேரப்பிள்ளைங்களோட வீடியோ கால், ஆன்லைன்ல பில் கட்டக் கத்துக்கறது இதெல்லாம் மூளைக்கு வேலை, ரீல்ஸ தள்ளிட்டே இருக்கறது (நானும் அந்த கேஸ்தான்) வேற. தூக்கம் கெடாம, காது கேக்கறது, பிபி, சுகர கவனிச்சுக்கோங்க, போன பிடுங்காதீங்க. பழகின வேலையிலயே அடிக்கடி தடுமாறினார்னா மட்டும் டாக்டர்கிட்ட காட்டிருங்க.