கேள்வி–பதில்: ரேஸ் பைக்கில் கார்பன் ஃபோர்க்

மோட்டோஜிபி (உலக பைக் பந்தயத் தொடர்) பைக்குகளில் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்களின்) வெளிக்குழாய் கார்பன் ஃபைபர். உள்குழாய் மட்டும் இன்னும் ஸ்டீல். ஏன்?
– வாசகர், கோவை

உள்குழாய் வெளிக்குழாய்க்குள் ஏறி இறங்கும்போது புஷ்ஷிலும் (வழுக்கு வளையம்) ஆயில் சீலிலும் ஓயாமல் உரசுகிறது, கல்லடியும் அதற்குத்தான். வழவழப்பான, கடினமான மேற்பரப்பு அதற்கு வேண்டும். கார்பன் இழையும் அதை ஒட்டிப் பிடிக்கும் ரெசினும் அதைத் தராது.

வெளிக்குழாயில் எடை குறைவது உண்மைதான். ஆனால் பெரிய லாபம் வேறு. பைக் 60 டிகிரி சாய்ந்திருக்கும்போது மேடு ஒன்று தட்டினால், ஃபோர்க் அமுங்கும் திசையில் பாதி விசைதான் சேரும். பக்கவாட்டில் அதைவிட அதிகம். அந்த அடியை ஸ்பிரிங் வாங்காது. ஃபோர்க்கும் சேஸியும் (பைக்கின் சட்டம்) ஸ்விங்ஆர்மும் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) கொஞ்சம் வளைந்துதான் டயரைத் தரையில் பிடித்து வைக்கும். அதே ஃபோர்க் பிரேக் பிடிக்கும்போது முன்பின்னாக வளையக் கூடாது. உருண்டையான அலுமினியக் குழாய் எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பு. கார்பனிலோ, இழைகளை எந்தத் திசையில், எத்தனை அடுக்கு வைக்கிறோம் என்பதை வைத்து பக்கவாட்டு வளைவையும் முன்பின் விறைப்பையும் தனித்தனியாக அமைக்கலாம்.

டுகாட்டி 2009இல் கார்பன் சேஸி கொண்டுவந்து பிறகு ஏன் கைவிட்டது?
– வாசகர், மதுரை

டுகாட்டி அணியின் ஓட்டுநர் ஸ்டோனர் அதில் 2009, 2010 இரண்டு ஆண்டுகளில் 7 பந்தயங்களை வென்றார். 2011இல் அவருக்குப் பின் வந்த ரோஸிக்கு முன்சக்கரத்தின் உணர்வு (டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பது) கிடைக்கவில்லை. 2012இல் அலுமினியச் சட்டத்துக்கு மாறினார்கள். பொருளை மட்டும் குறை சொல்ல முடியாது: 2023இல் மிசானோ மோட்டோஜிபி பந்தயத்தில் ஓட்டுநர் பெட்ரோசா ஓட்டிய கேடிஎம்மின் சேஸி கார்பன்தான்.

ட்ராக்கில் விழுந்தேன். கார்பன் வெளிக்குழாயில் வெறும் கீறல். அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், சென்னை

சோதிக்காமல் ஓட்டாதீர்கள். அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் வெளியே ஒழுங்காக இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும்.

ஃபோர்க்கைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் துடையுங்கள், அசிட்டோன் வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து வெள்ளைக் கோடு, எழும்பிய இழை இருக்கிறதா பாருங்கள், குறிப்பாகக் கீழ் கிளாம்ப் (குழாயைச் சட்டத்தோடு இறுக்கும் பிடி) பிடிக்கும் விளிம்பில். பிறகு நாணயத்தால் ஒரு செ.மீ. இடைவெளியில் சுற்றிலும் தட்டுங்கள். ‘டிங்’ என்ற ஓசை ஓரிடத்தில் ‘டொக்’ என்று மங்கினால், சக்கரத்தின் மறுபக்கக் குழாயில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிடுங்கள். அலுமினிய வளையம் ஒட்டிய இடத்தில் ஓசை இயல்பாகவே மாறும். ஒரு பக்கக் குழாயில் மட்டும் மங்கினால் அல்ட்ராசோனிக் (ஒலியலை) சோதனை முடியும்வரை பைக்கில் மாட்டாதீர்கள். சிறிய பிளவு நாணயத்துக்குத் தப்பிவிடும் என்பதால், பலமான அடி என்றால் ஓசை நன்றாக இருந்தாலும் அந்தச் சோதனை தேவை. அலுமினியம் சேரும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. கார்பனும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும்.

திரும்பப் பூட்டும்போது கிளாம்ப் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பானர்), அந்தக் குழாய்க்கான கையேட்டில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். அலுமினியக் குழாயின் அளவு இதற்குப் பொருந்தாது. அதிகம் முறுக்கினால் குழாய் உள்நோக்கி நெரிந்து புஷ் பிடிக்கும். ஓட்டுபவர் அதை டாம்பிங் (ஃபோர்க்கின் அசைவைத் தணிக்கும் எண்ணெய்த் தடை) கோளாறு என்று நினைத்து, அதைச் சரிசெய்யும் கிளிக்கரைத் திருகிக்கொண்டே இருப்பார். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பூட்டும் முன்னும் பின்னும் உள்குழாயைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். பூட்டிய பிறகு மட்டும் இறுகினால் குற்றம் கிளாம்ப்பில்.