பழைய டிராக்டர் ஏசியில் முதல் செலவு எதற்கு?

கேள்வி: அண்ணே, மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். 1988இல் வந்த கேபின் வண்டி. காலையில் ஏசி ஓரளவு குளிர்கிறது, பதினோரு மணிக்கு மேல் வெறும் காற்றுதான். பட்டறையில் பெரிய கம்ப்ரசர் போடச் சொல்கிறார்கள். முதலாளி ஒரு தடவைதான் பணம் தருவார். போடலாமா?

பதில்: ஏசி கேஸை அழுத்தி ஓடவைக்கும் கம்ப்ரசருக்கு அவசரப்படாதீர்கள் தம்பி. காலையில் குளிர்ந்து, வெயில் ஏறியதும் கைவிடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரைத்தான். கேபினிலிருந்து இழுத்த சூட்டை வெளியே தள்ளுவது அது. அது தள்ளாவிட்டால் எவ்வளவு பெரிய கம்ப்ரசர் போட்டும் பிரஷர்தான் ஏறும், குளிர் வராது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மத்தியான வெயிலில் ஏசியை முழுதாக ஓடவிட்டு, காற்று வரும் வாயில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகுங்கள். அப்புறம் கண்டென்சர் மேல் ஹோஸ் பைப்பால் மெல்லத் தண்ணீர் விடுங்கள். சில நிமிடங்களில் காற்று நன்றாகக் குளிர்ந்தால் கோளாறு அங்கேதான்.

காசு செலவழிக்கும் முன் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம் செம்பனைப் பூந்தூளும் புல் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். நான் பிரித்த ஒரு வண்டியில் அதை விரலால் உரித்து எடுத்தேன். வாட்டர் ஜெட்டை வைத்து அடிக்காதீர்கள், தகடுகள் மடங்கிவிடும். மெல்லிய நீரோட்டத்தில், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி கழுவுங்கள்.

கேபினில் ஹீட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். பழைய வால்வு முழுதாக மூடாமல் எஞ்சின் வெந்நீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு? அந்த ஹோஸ்களைக் கழற்றி எஞ்சின் பக்கத்திலேயே வளைத்து இணைத்துவிடலாம்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால், பணத்தைப் புதிய கண்டென்சரில் போடுங்கள். தட்டைக் குழாய்கள் அடுக்கிய பேரலல் ஃப்ளோ வகை, அதே இடத்தில் பழைய வட்டக் குழாய் வகையைவிட நன்றாகச் சூட்டைக் கழிக்கும். டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி, ஓட்டக் காற்று கிடைக்காது. ஆகவே கண்டென்சருக்கு 12 வோல்ட் ஃபேன் ஒன்றை ரிலே (அதிக மின்சாரம் தாங்கும் சுவிட்ச்) வைத்து மாட்டுங்கள். ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று வயர்மேனிடம் முதலில் கேளுங்கள்.

கேஸ் விஷயத்தில்தான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். 1988 வண்டி ஆர்-12 கேஸுக்குச் செய்தது. ஓசோனைக் கெடுக்கும் அந்தக் கேஸை மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளும் 2010இல் நிறுத்திவிட்டன. இப்போது போடுவது ஆர்-134ஏ. இதைப் பழைய கேஸின் மேலேயே ஏற்றக் கூடாது. பழையதை மெஷினில் உறிஞ்சி எடுத்து, மினரல் ஆயிலை வடித்து, புதுக் கேஸுக்குரிய ஆயில் ஊற்ற வேண்டும். ஈரம் உறிஞ்சும் டிரையர், இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிதாக மாற வேண்டும். ஹோஸ் பழையதென்றால் கசிவு தடுக்கும் பேரியர் ஹோஸ் போடுங்கள். பிறகு குறைந்தது அரை மணி நேரம் பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வேக்குவம் இழுத்து, பம்பை நிறுத்திவிட்டு, கேஜ் முள் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் எங்கோ கசிகிறது.

பழைய கண்டென்சரையே வைத்திருந்தால், ஆர்-12 அளவில் ஏறக்குறைய 80 முதல் 85 சதவிகிதம் போதும். பேரலல் ஃப்ளோவுக்கு இன்னும் குறையலாம், எடை போட்டு, கேஜ் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். "நிறைய ஏற்றினால் நிறைய குளிரும்" என்பது தப்பு. சமையல் கேஸ் வகைக் கலவையை யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மூடிய கேபினில் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

கம்ப்ரசர்? உள்ளே சத்தமில்லாமல், கிளட்ச் சரியாகப் பிடித்தால் அதுவே ஓடட்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் புதியதன் புல்லியும் எஞ்சின் புல்லியும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் பெல்ட் அடிக்கடி அறுந்துபோகும்.