பட்டனை அழுத்தினால் வேறொரு புரோகிராம் திறக்க வேண்டும்: டைரக்டர் முதல் எலக்ட்ரான் வரை கேள்வி பதில்

பாடக் குறுந்தகடு, கண்காட்சித் தொடுதிரை, பயிற்சி மென்பொருள் என்று எதைச் செய்தாலும் ஒரு கட்டத்தில் இந்தத் தேவை வந்துவிடும். நம் திரையிலிருந்து ஒரு பிடிஎஃப், ஒரு எக்செல், ஒரு வீடியோ பிளேயர் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் பயனர் நம் திரைக்கே திரும்ப வேண்டும். திறப்பதற்கு ஒரு வரி கோடு (நிரல்) போதும். திறந்ததா, முடிந்ததா, நடுவில் செத்துப் போனதா என்று கவனிப்பதில்தான் பாதி உழைப்பு போகிறது. இதுபற்றிக் கேள்வி அனுப்பிய எல்லாருக்கும் நன்றி. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் பள்ளியில் மேக்ரோமீடியா டைரக்டர் என்ற பல்லூடக மென்பொருளில் செய்த பழைய பாடத் தொகுப்பு இருக்கிறது. சோர்ஸும் கையில் உண்டு. ‘வினாத்தாள்’ பட்டனை அழுத்தினால் பிடிஎஃப் திறக்க வேண்டும். புதிய கணினிகளில் ஒன்றுமே நடப்பதில்லை. ஏன்?

டைரக்டரின் நிரல் மொழியான லிங்கோவில் எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்து ‘ஓப்பன்’ கட்டளை இருக்கும் வரியைப் பாருங்கள். அக்ரோபேட் ரீடரின் முழு முகவரியும் சி டிரைவிலிருந்து அப்படியே எழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். டைரக்டரின் சொந்த ஓப்பன் கட்டளைக்கு ஆவணத்தோடு அதைத் திறக்கும் புரோகிராமின் முகவரியையும் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எல்லாக் கணினியிலும் ரீடர் ஒரே இடத்தில் இருந்ததால் பிழைத்தது. 64 பிட் விண்டோஸில் 32 பிட் புரோகிராம்களுக்குத் தனி ஃபோல்டர் வந்துவிட்டது. ரீடரே இல்லாமல் எட்ஜில் பிடிஎஃப் பார்க்கும் கணினிகளும் நிறைய.

எந்தப் புரோகிராம் என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். “இந்த ஃபைலைத் திற” என்று மட்டும் விண்டோஸிடம் சொல்லுங்கள். எதில் திறப்பது என்பது அதற்குத் தெரியும். இந்த வேலைக்காகவே டைரக்டருக்கான ‘பட்டி ஏபிஐ’ என்ற எக்ஸ்ட்ராவில் (கூடுதல் இணைப்பு) ‘பேஓப்பன்ஃபைல்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. அது திருப்பித் தரும் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 32-க்கு மேல் இருந்தால் திறந்துவிட்டது. 2 என்றால் ஃபைல் அந்த இடத்தில் இல்லை. 31 என்றால் அந்த வகை ஃபைலைத் திறக்க அந்தக் கணினியில் எதுவும் நிறுவப்படவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாகத் தமிழில் ஒரு செய்தி காட்டுங்கள். அமைதியாக இருக்கும் பட்டன்தான் ஆசிரியரைக் கணினியிடமிருந்து விரட்டுகிறது.

பிடிஎஃப்பின் முகவரியையும் சரிபாருங்கள். டி டிரைவ் என்று எழுதியிருந்தால் எடுத்துவிட்டு, மூவி (உங்கள் டைரக்டர் ஃபைல்) இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்கும்படி மாற்றுங்கள். 2017 பிப்ரவரியோடு டைரக்டர் விற்பனையே நின்றுவிட்டது. அதனால் இதைச் சரிசெய்து ஓடவிடுங்கள். புதிதாக எதையும் அதில் கட்ட வேண்டாம்.

மேடம், ஃபிளாஷ் ப்ரொஜெக்டரில் (ஃபிளாஷ் படைப்பைத் தனி ஈஎக்ஸ்இ ஆக்கியது) வெளி புரோகிராமை ஓட்டும் எஃப்எஸ்கமாண்டின் ‘எக்ஸெக்’ எனக்கு வேலையே செய்யவில்லை. முகவரி சரிதான்.

முகவரி கொடுத்ததுதான் சிக்கல். பாதுகாப்புக்காக, ப்ரொஜெக்டருக்குப் பக்கத்தில் ‘எஃப்எஸ்கமாண்ட்’ என்ற பெயரிலேயே இருக்கும் ஃபோல்டருக்குள் உள்ளதை மட்டும்தான் எக்ஸெக் ஓட்டும். பெயரில் ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஸ்பேஸ் கூடாது, சாய்கோடு கூடாது, ஆர்க்யுமென்டும் (கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விவரம்) அனுப்ப முடியாது. அந்த ஃபோல்டருக்குள் ஒரு சின்ன பேட்ச் ஃபைலை (விண்டோஸ் கட்டளைகள் எழுதிய ஃபைல்) வைத்து, அதற்குள்ளிருந்து வேண்டியதைத் திறப்பதே அன்றைய வழக்கம். கறுப்பு ஜன்னல் ஒன்று கண் சிமிட்டிப் போகும். அது பிடிக்காதவர்கள் குட்டி ஈஎக்ஸ்இ எழுதி வைத்தார்கள்.

பிரவுசருக்குள் ஓடிய ஃபிளாஷில் இது எப்போதுமே நடந்ததில்லை. 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவே முடிந்துவிட்டது. ப்ரொஜெக்டருக்குள் பிளேயரும் சேர்ந்தே இருப்பதால் உங்கள் ஈஎக்ஸ்இ இன்னும் ஓடும்.

வெளி புரோகிராம் மூடியதும் எங்கள் பாடம் தானாக அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். ‘முடியும் வரை காத்திரு’ என்று கொடுத்திருக்கிறேன். ஆனால் வேர்ட் திறந்த கணமே அடுத்த பக்கம் வந்துவிடுகிறது.

நீங்கள் காத்திருப்பது ஒரு பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம், முடிவதற்காக. பயனர் பார்ப்பதோ ஒரு ஜன்னல். இரண்டும் ஒன்றல்ல. வேர்ட் ஏற்கெனவே திறந்திருந்தால், நீங்கள் ஏவிய புதிய வேர்ட் “இந்த ஃபைலையும் நீயே திற” என்று பழையதிடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். உங்கள் மென்பொருளுக்கோ வேலை முடிந்துவிட்டதாகச் செய்தி போகும். பிரவுசர்களும் இப்படித்தான். விண்டோஸ் 10-லிருந்து கால்குலேட்டர்கூட இந்த வகைதான்: பழைய பெயரில் இருக்கும் ஈஎக்ஸ்இ புதிய ஆப்பை எழுப்பிவிட்டுத் தான் மறைந்துவிடுகிறது. ஃபோட்டோஸ் போன்ற ஸ்டோர் ஆப்களில், காத்திருப்பதற்கான பிராசஸ் ஹேண்டிலே (பிராசஸைக் கண்காணிக்க விண்டோஸ் தரும் பிடி) கைக்கு வராமல் போகலாம்.

காத்திருப்பது உங்கள் வடிவமைப்புக்கு உயிர்நாடி என்றால், ஒவ்வொரு முறையும் தனிப் பிராசஸாக ஓடும் ஒரு புரோகிராமை நீங்களே தொகுப்போடு சேர்த்துக் கொடுங்கள். அப்போது அடோபி ஏர், நோட்.ஜேஎஸ், விண்டோஸ் ஸ்கிரிப்ட் என்று எதில் எழுதினாலும் முடிவுச் செய்தி ஒழுங்காக வரும். விபிஏவில் (ஆஃபீஸ் மேக்ரோ மொழி) இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதன் ‘ஷெல்’ காத்திருக்காது. டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லின் ‘ரன்’னில் மூன்றாவது ஆர்க்யுமென்டை ‘ட்ரூ’ என்று கொடுத்தால் காத்திருக்கும்.

பாட மென்பொருள் என்றால் என் பரிந்துரை வேறு. உங்கள் திரையில் “பயிற்சியை முடித்துவிட்டேன், தொடரலாம்” என்று ஒரு பெரிய பட்டன் வையுங்கள். மாணவர் தானே அழுத்தட்டும். எந்த வேர்ட், எந்த விண்டோஸ் என்ற கவலை அத்தோடு போய்விடும்.

திறக்கும் புரோகிராம் எங்கள் முழுத்திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. டாஸ்க்பாரில் மட்டும் மினுக்குகிறது.

முதலில் உங்கள் ஜன்னலுக்கு ‘எப்போதும் மேலே’ என்று அமைத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்படியானால் ஏவுவதற்கு முன் அதை எடுத்துவிட்டு, வெளி புரோகிராம் முடிந்ததும் மீண்டும் போடுங்கள்.

அது இல்லையென்றால், எப்போது ஏவுகிறீர்கள் என்று பாருங்கள். முன்னால் வரும் உரிமையை விண்டோஸ் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் புரோகிராமும் அது ஏவியதும்தான் வரலாம். பயனர் பட்டனை அழுத்திய கணத்திலேயே ஏவினால் அந்த உரிமை உங்களிடம் இருக்கிறது. டைமர் வைத்துச் சில விநாடி கழித்து ஏவினால், அதற்குள் அவர் வேறெங்காவது சொடுக்கியிருப்பார், உரிமை போய்விடும்.

என் வீட்டுக் கணினியில் எல்லாம் நன்றாக ஓடியது. மாணவி ஒருத்தியின் மடிக்கணினியில் மட்டும் ‘ஃபைல் இல்லை’ என்கிறது. அவள் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறாள். தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. நமக்கென்றே இருக்கும் சிக்கல் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யூனிகோட் வருவதற்கு முந்தைய முறையில் பல மொழிகளுக்கு விண்டோஸ் கோட் பேஜ் (எழுத்துகளுக்கான எண் பட்டியல்) வைத்திருந்தது. ரஷ்ய மொழிக்கு உண்டு, தாய்லாந்து மொழிக்கு உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடாக மட்டுமே இருக்கிறது. யூனிகோட் அறியாத ஒரு புரோகிராம் தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரைப் பார்த்தால், எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறிதான் அதன் கையில் கிடைக்கும். கேள்விக்குறிகளை வைத்துக்கொண்டு ஃபைலைத் தேடினால் எங்கே கிடைக்கும்? டைரக்டருக்கு யூனிகோட் வந்தது 2008-ல் வெளியான 11-ஆம் பதிப்பில்தான். மூவியைப் புதிய பதிப்புக்கு மாற்றினாலும், பழைய எக்ஸ்ட்ராக்களுக்கு யூனிகோட் தெரியாமல் இருக்கலாம்.

பவர்பாயின்ட் விபிஏவிலும் இதே கதை. எடிட்டரில் தமிழை ஒட்டினால் கேள்விக்குறியாகும். ‘டிர்’, ‘ஷெல்’ இரண்டுக்கும் தமிழ் முகவரி புரியாது. ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்டுக்குப் புரியும், அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

பழைய தொகுப்புக்கு எளிய வழி, சி டிரைவின் நேரடிக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, நிறுவும்போதே எல்லாவற்றையும் அங்கே வைத்துவிடுவது. விண்டோஸ் அமைப்பில் யூடிஎஃப்-8 பயன்படுத்தச் சொல்லும் சோதனை வசதி ஒன்று இருக்கிறது. அது கணினி முழுவதையும் பாதிக்கும். பழைய புரோகிராம்கள் சில உளறத் தொடங்கும். மாணவியின் சொந்தக் கணினியில் அதைத் தொடாதீர்கள். தன் பெயரைத் தமிழில் வைத்த பிள்ளையிடம் “ஆங்கிலத்துக்கு மாற்று” என்று சொல்லவும் வேண்டாம். மாற வேண்டியது நம் கோடு.

சென்ட்கீஸ் (விசைகளைத் தட்டியது போல அனுப்பும் கட்டளை) வைத்து வெளி புரோகிராமை இயக்கலாமா?

வேண்டாம். நீங்கள் அனுப்பும் விசைகள், அந்தக் கணத்தில் எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறதோ அதற்குப் போகும். நடுவில் ஒரு அப்டேட் அறிவிப்பு எழுந்தால் விசைகளெல்லாம் அதன் தலையில். அந்தப் புரோகிராம் தானே திறந்து வைத்திருக்கும் வாசல் எதுவென்று தேடுங்கள்: கமாண்ட் லைன், காம் ஆட்டோமேஷன் (விண்டோஸில் ஒரு புரோகிராம் இன்னொன்றை இயக்கும் வழி), ஏதாவது ஒரு நெட்வொர்க் இடைமுகம். எதுவுமே இல்லையென்றால் வேறு புரோகிராமைத் தேடுங்கள்.

காம் வழியாக எக்செலையும் பவர்பாயின்டையும் இயக்குகிறேன். இரண்டு சிக்கல். எக்செல் சில நேரம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஆசிரியர்களோ “உங்கள் மென்பொருள் என் ஸ்லைடுகளை மூடிவிட்டது” என்கிறார்கள்.

எக்செல் உறையவில்லை; பதிலுக்குக் காத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் எக்செல் “சேமிக்கவா?” என்று கேட்டால் அந்தக் கேள்வி யாருக்குமே தெரியாது. ‘டிஸ்ப்ளேஅலர்ட்ஸ்’ஸை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் ஒர்க்புக்கை மூடி, ‘குவிட்’ சொல்லி, எக்செலைச் சுட்டி உங்கள் கோடில் வைத்திருக்கும் ரெஃபரன்ஸ்கள் எல்லாவற்றையும் விடுவியுங்கள். ஒன்று மீதமிருந்தாலும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் உட்கார்ந்திருக்கும்.

இரண்டாவதில் ஆசிரியர்கள் சொல்வது சரி. பவர்பாயின்ட் ஒரே ஒரு பிராசஸாக மட்டுமே ஓடும். நீங்கள் ‘புதிதாக ஒன்று கொடு’ என்று கேட்டாலும், அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருப்பதுதான் உங்கள் கைக்கு வரும். அதில் ‘குவிட்’ சொன்னால் அவருடைய ஸ்லைடுகளும் சேர்ந்தே போகும். நீங்கள் திறந்த பிரசன்டேஷனை மட்டும் மூடுங்கள். அதன் பிறகு திறந்திருக்கும் பிரசன்டேஷன்களின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மட்டும் ‘குவிட்’. ஒருவருடைய கணினியில் விருந்தாளியாக ஓடும் மென்பொருள் அவருடைய வேலையைத் தொடவே கூடாது. இதில் நான் கறாராகவே இருப்பேன்.

பவர்பாயின்டில் ‘ரன் புரோகிராம்’ ஆக்‌ஷன் சொடுக்கினால் ஒன்றும் ஆகவில்லை.

ஸ்லைடு ஷோவில் வைத்துப் பாருங்கள். எடிட் செய்யும் பார்வையில் அது ஓடாது. மேக்ரோ என்றால், இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலில் அது தடுக்கப்பட்டிருக்கும். ஃபைலின் பிராப்பர்டீஸில் ‘அன்பிளாக்’ கொடுங்கள், அதுவும் அனுப்பியவரை நம்பினால் மட்டும்.

அருங்காட்சியகத் தொடுதிரை ஒன்று செய்கிறோம். ஒவ்வொரு பொருளைத் தொட்டாலும் விஎல்சியில் ஒரு வீடியோ. தொடும்போதெல்லாம் இரண்டு விநாடி கறுப்புத் திரை, சில நேரம் இரண்டு வீடியோ ஒன்றாக ஓடுகிறது.

ஒவ்வொரு தொடுதலுக்கும் பிளேயரைப் புதிதாக ஏவுவதை நிறுத்துங்கள். காலையில் கணினி தொடங்கும்போதே பிளேயரும் தொடங்கட்டும்; நாள் முழுக்க அதே ஒன்று ஓடட்டும்; நீங்கள் கட்டளை மட்டும் அனுப்புங்கள். விஎல்சியில் எச்டிடிபி இடைமுகம் இருக்கிறது. கடவுச்சொல் கொடுத்து இயக்கினால் 8080 போர்ட்டில் கேட்கும். எனக்குப் பிடித்தது எம்பிவி என்ற இன்னொரு பிளேயர். அதில் ஒரு நேம்டு பைப் (புரோகிராம்கள் தமக்குள் பேசும் குழாய்) வழியாக ஜேசான் வடிவில் கட்டளை அனுப்பலாம், ‘வீடியோ முடிந்தது’ என்ற செய்தியும் அதே வழியில் திரும்பி வரும். அந்தச் செய்தி வந்ததும் உங்கள் திரையை முன்னால் கொண்டுவாருங்கள்.

பிளேயர் செத்தால் மறுபடி ஏவ ஒரு காவல் கோடும் எழுதுங்கள். ஏவிய உடனே மறுபடி செத்தால் அடுத்த முயற்சிக்கு முன் கொஞ்சம் இடைவெளி விடட்டும். இல்லையென்றால் கணினியே திணறிவிடும்.

எலக்ட்ரானில் (வலைப்பக்க மொழிகளில் கணினி மென்பொருள் செய்யும் கருவி) எழுதுகிறேன் அக்கா. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் புரோகிராமை ஏவி மாணவர்களின் வீடியோவைச் சுருக்குகிறேன். சின்ன வீடியோ முடிகிறது, பெரியது பாதியில் நின்றுவிடுகிறது.

எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை இடைவிடாமல் ஸ்டாண்டர்ட் எரர் என்ற வெளியீட்டுப் பைப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் அதைப் படிக்கவில்லை. குழாயடியில் வைத்த குடம் நிரம்பியும் யாரும் எடுக்காதது போலத்தான்; இங்கே தண்ணீர் வழியாது, பைப் நிரம்பியதும் எழுதுகிற புரோகிராம் அப்படியே நின்றுவிடும். சின்ன வீடியோவில் பைப் நிரம்பும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது. புரோகிராமை ஏவ நோட்.ஜேஎஸ்ஸின் ‘ஸ்பான்’ பயன்படுத்தி அந்த வெளியீட்டைப் படியுங்கள், அதிலிருந்தே முன்னேற்றப் பட்டையும் காட்டலாம். வேண்டாமென்றால் ‘இக்னோர்’ கொடுத்துவிடுங்கள். நோட்.ஜேஎஸ்ஸின் ‘எக்ஸெக்’ என்றால் வேறு தொல்லை: வெளியீடு இயல்பாக 1 எம்பியைத் தாண்டினால் புரோகிராமையே கொன்றுவிடும்.

தம்பி, இன்னொன்று. ஃபைல் பெயரைக் கமாண்ட் வரிக்குள் ஒட்டி ஒரே சரமாக ஷெல்லுக்கு (கட்டளை வரிகளை ஓட்டும் புரோகிராம்) அனுப்பாதீர்கள். ஸ்பேஸ் இருந்தாலே உடையும். யாராவது வேண்டுமென்றே பெயருக்குள் ஒரு கட்டளையை ஒளித்து வைத்தால் அதுவும் ஓடும். ஆர்க்யுமென்ட்களைத் தனித்தனி உறுப்புகளாக அர்ரேயில் கொடுங்கள். திரைப் பக்கத்திலிருந்து மெயின் பிராசஸுக்கு (பின்னணியில் எல்லாவற்றையும் நடத்தும் எலக்ட்ரான் பகுதி) முகவரியே போகக் கூடாது. ‘பாடம்-3’ போன்ற ஒரு அடையாளம் மட்டும் போகட்டும். அதற்கு எந்தப் புரோகிராம், எந்த ஃபைல் என்ற பட்டியல் மெயினில் இருக்கட்டும். பட்டியலில் இல்லாததை ஏவக் கூடாது.

பயனர் ‘ரத்து’ அழுத்தும்போதும் கவனம் தேவை. விண்டோஸில் ‘கில்’ அந்த ஒரு பிராசஸை மட்டும்தான் முடிக்கும். அது பெற்ற குட்டிகள் ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் ‘டாஸ்க்‌கில்’ (taskkill) கட்டளையை ‘டி’, ‘எஃப்’ சுவிட்சுகளோடு கொடுத்தால் மொத்தக் கிளையும் நிற்கும்.

மேக்கில்?

‘ஓப்பன்’ கட்டளை டெர்மினலிலேயே இருக்கிறது. பெரிய டபிள்யூ சுவிட்ச் கொடுத்தால் புரோகிராம் மூடும் வரை காத்திருக்கும். உள்ளே புகுந்து இயக்க ஆப்பிள்ஸ்கிரிப்ட் உண்டு. 2018-ல் வந்த மேக் பதிப்பான மொஹாவியிலிருந்து, ஒரு ஆப் இன்னொன்றை இயக்க முயன்றால் பயனரிடம் அனுமதி கேட்கப்படும். அவர் ‘வேண்டாம்’ சொன்னால் என்ன காட்டுவது என்று முன்பே எழுதி வையுங்கள். 32 பிட் ப்ரொஜெக்டர்கள் 2019-ல் வந்த கேட்டலினாவிலிருந்து ஓடாது. அவற்றுக்குப் பழைய மேக் ஒன்றை ஒதுக்கி வைப்பதுதான் வழி.

கடைசியாக: இதையெல்லாம் விட்டு, ஒரு வலைப்பக்கத்திலிருந்தே கணினியில் உள்ள புரோகிராமைத் திறக்க முடியாதா?

நேரடியாக முடியாது, முடியவும் கூடாது. உங்களுக்கென்று ஒரு யூஆர்எல் ஸ்கீம் (லிங்க்கின் தொடக்கத்தில் வரும் தனிப் பெயர்) வைத்து, மென்பொருளை நிறுவும்போது ரிஜிஸ்ட்ரியில் பதிந்துவிட்டால், அந்த லிங்க்கைச் சொடுக்கும்போது பிரவுசர் ஒருமுறை கேட்டுவிட்டு உங்கள் புரோகிராமைத் திறக்கும். மின்னஞ்சல் லிங்க் வேலை செய்வதும் இப்படித்தான். ஆனால் பதிந்த பிறகு உங்கள் பக்கம் மட்டுமல்ல, உலகத்தில் எந்த வலைப்பக்கமும் அந்த லிங்க்கை வைக்கலாம். எனவே லிங்க்கோடு வரும் எதையும் ஃபைல் முகவரியாகவோ கட்டளையாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். எலக்ட்ரான் தம்பிக்குச் சொன்ன பட்டியல் முறையே இங்கும்: அடையாளம் பட்டியலில் இருந்தால் திறக்கட்டும், இல்லையென்றால் முகப்புத் திரையைக் காட்டிவிட்டு நிற்கட்டும்.