சில நாள்களில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோல்லா 110 இருக்கிறது, ஓட்டோ கியர். மூன்று மாதங்களாக, வாரத்தில் ஓரிரு நாள்கள் திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது, எஞ்சின் சுற்றுவதில்லை. ஐந்தாறு தடவை திருப்பிய பின் ஒன்றுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. கராஜில் முதலில் பற்றரியையும் பிறகு ஒல்டர்நேற்றரையும் மாற்றினார்கள், குறை தீரவில்லை. அங்கே கொண்டுபோகும் நாள்களில் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது. அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிச் செல்லும் கார் என்பதால் கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
(வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ‘ஒரே ஒரு சத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கராஜில் எவராவது அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தால் இரண்டு பாகங்களுக்குக் கொடுத்த பணம் உங்களுக்கு மிஞ்சியிருக்கும். பற்றரி பலவீனமானால் பெரும்பாலும் ‘டக டக டக’ என்று விடாமல் ஒலிக்கும், அல்லது எஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். ஒல்டர்நேற்றரோ ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்வதற்கானது. பற்றரி நிறைந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒற்றைச் சத்தம் வருகிறது என்றால், திறப்பிலிருந்து போகும் சிறு மின்னோட்டம் ஸ்டாட்டரின் (எஞ்சினைச் சுழற்றித் தொடக்கிவைக்கும் மோட்டர்) சொலினோயிட்டை, அதாவது அதன் மின்காந்தச் சுவிட்சை, இழுத்துவிட்டது, ஆனால் மோட்டரைச் சுழற்ற வேண்டிய பெரிய மின்னோட்டம் எங்கோ தடைப்படுகிறது என்று பொருள். ஓட்டோ கியர் கார்களில் கியர் ‘பி’யிலோ ‘என்’னிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் நியூட்ரல் சுவிட்ச் பழுதானால் பெரும்பாலும் அந்தச் சத்தமே வராது. ஆகவே அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

என் சந்தேகம் ஸ்டாட்டரின் செப்புத் தொடுமுனைகள் மீதுதான். டொயோட்டாக்களில் பெரும்பாலும் காணப்படும் டென்சோ வகை ஸ்டாட்டரின் பின்பக்க வட்ட மூடியைக் கழற்றினால், உள்ளே இரண்டு செப்புத் துண்டுகளும் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்து மின்னோட்டத்தைக் கடத்தும் ஒரு செப்புத் தட்டும் தெரியும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அங்கே ஒரு பொறி எழுந்து செப்பைச் சிறிது அரிக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு துண்டு மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, ஓரங்கள் கருகிப்போயிருக்கும். தட்டு ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் தொடாமல் நின்றுவிட்டால் உங்களுக்குக் கேட்பது வெறும் ‘டக்’ மட்டுமே. அடுத்தடுத்த முயற்சிகளில் தட்டு சற்றே திரும்பி நல்ல இடத்தில் பட்டுவிட்டால் கார் எப்போதும்போல் ஸ்டார்ட் ஆகிவிடும். கராஜில் குறை தெரியாமற்போனதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ஆனாலும் ஸ்டாட்டரைக் கழற்றுவதற்கு முன் பற்றரி முனைகளைப் பாருங்கள். வெள்ளவத்தையில் கடற்காற்று படும் இடத்தில் நிறுத்தப்படும் கார்களில் உப்பும் ஈரமும் சேர்ந்து முனைகளும் வயர் நுனிகளும் விரைவில் அரிபடும். பத்து மில்லிமீற்றர் ஸ்பனரால் எதிர் (−) முனையை முதலில் கழற்றி, வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் இரு முனைகளையும் கழுவி, உலர்ந்தபின் கம்பிப் பிரஷால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து, எதிர் முனையைக் கடைசியாகப் பூட்டுங்கள். மேலே மெல்லிதாக வசலின் பூசலாம். எதிர் வயர் காரின் உடற்பகுதியிலும் எஞ்சினிலும் பூட்டப்பட்டிருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தாலும் இதே ஒற்றைச் சத்தம் வரக்கூடும், அவற்றையும் தவறவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது, குறை தோன்றும் அந்த நேரத்திலேயே அளந்து பார்ப்பது. சாதாரண மல்டிமீற்றர் ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள். பல மணி நேரம் நிறுத்தி வைத்த காரில், நன்றாகச் சார்ஜ் ஏறிய பற்றரி 12.6 வோல்ற் அளவில் காட்டும். கார் மறுக்கும்போது, வீட்டில் ஒருவரைத் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கச் சொல்லிவிட்டுப் பற்றரியின் இரு ஈய முனைகளிலும் அளந்தால், 12 வோல்றை ஒட்டியே நின்றால் பற்றரி மீது பழியில்லை, 9.6 வோல்றுக்குக் கீழே இறங்கினால் புதிய பற்றரியையே மறுபடி சோதிக்க வேண்டும். பிறகு, திறப்பு திருப்பியபடியே இருக்க, மீற்றரின் ஒரு நுனியைப் பற்றரியின் எதிர் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து அளந்து பாருங்கள்: அரை வோல்றுக்கு மேல் காட்டினால் எதிர் வயர்தான் குற்றவாளி. அங்கும் ஒன்றுமில்லை, ஸ்டாட்டரின் பெரிய போல்ட்டில் 12 வோல்ற் நிற்கிறது, ஆனால் மோட்டர் அசையவில்லை என்றால் குறை ஸ்டாட்டருக்குள்ளேதான். மீற்றர் கையில் இல்லாத நாளில் ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்காமல் ‘டக்’ என்றால் ஸ்டாட்டர், வெளிச்சம் அணையுமளவுக்குச் சுருங்கினால் பற்றரி அல்லது அதன் முனைகள் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். எதைச் செய்தாலும் கியர் ‘பி’யில் இருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும்.

ஸ்டாட்டர் என்று உறுதியானால் முழுதாக வேறொன்று வாங்க அவசரப்படாதீர்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தொடுமுனைகளைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவற்றைப் போடும்போதே கார்பன் பிரஷும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்துவிடலாம். எவ்வளவு ஓடியதென்று தெரியாத பழைய ஸ்டாட்டரைவிட, உங்கள் காரோடு வந்ததைச் சீர்செய்வதே எனக்கு நம்பிக்கை தருகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்ட இலங்கையில், இத்தகைய காரைப் பேணுவது பணத்தை வீணாக்கும் வேலையல்ல.

கேள்வி: என்னுடையது தொண்ணூறுகளில் வந்த ஹொண்டா சிவிக். நண்பகல் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஆகிறது. எனக்கும் ஸ்டாட்டர்தானா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: இல்லை. எஞ்சின் சுற்றுகிறது என்றால் ஸ்டாட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தக் கால ஹொண்டாக்களில் டாஷ்போர்டுக்குக் கீழுள்ள, பெற்றோல் பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான மெயின் ரிலேயின் ஈயப்பற்று நுண்ணியதாக வெடித்து, உட்புறம் சூடேறும்போது இணைப்பு விட்டுப்போவது பலரும் கண்ட குறை. குளிர்ந்ததும் இணைப்புத் திரும்பிவிடும். அதை மறுபடி பற்றவைக்கலாம், அல்லது ரிலேயை மாற்றலாம். ஆனால் முதலில் ஒரு சோதனை: அடுத்த முறை கார் மறுக்கும்போது கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை ‘ஒன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, பின் இருக்கைப் பக்கம் காது கொடுங்கள். பெற்றோல் பம்ப் இரண்டு செக்கன் மெல்ல இரைந்து நிற்க வேண்டும். இரைச்சலே இல்லையென்றால் ரிலேயையும் பம்ப்பையும் பாருங்கள். இரைச்சல் கேட்டும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து ஸ்பார்க் பிளக்குகளுக்கான பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னைட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவும் சூட்டில் மட்டும் மறுக்கும் பாகம்தான்.